அபாயம்: சிவப்புப் பலகையில் நிற்கும் சொல்

வன்னியில் இந்தச் சொல்லைக் கண்ணால் கண்டவர்கள் அதிகம், வாயால் சொன்னவர்கள் குறைவு. பற்றைக்காட்டின் ஓரத்திலும் மின்மாற்றிக் கம்பத்திலும் குளத்து வான்கதவின் பக்கத்திலும் சிவப்பு மையில் அது நிற்கும்: அபாயம். ஆனால் அதே பற்றைக்குள் விறகு பொறுக்க ஓடும் பிள்ளையை மறிக்கும் தாய் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. "அங்காலை போகாதை, மிதிவெடி கிடக்கு" என்பாள். பலகை நிலைமையைச் சொல்கிறது. தாய் அங்கே கிடக்கும் பொருளின் பெயரைச் சொல்கிறாள். இந்த வேறுபாட்டை எண்ணாமல் எழுதப்படும் எச்சரிக்கைப் பலகை பாதி வேலைதான் செய்யும். அதனால் அபாயம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, ஆபத்து, விபத்து, இடர், அனர்த்தம் என்ற பக்கத்துச் சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது, பலகையில் அதை எப்படி எழுதினால் உயிர் காக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று பொருளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பேச்சு அப்படி அவற்றைக் கலப்பதில்லை. எந்தச் சொல் எந்த வினையோடு போகிறது என்று பார்த்தாலே பிரிவு தெரிந்துவிடும். அபாயம் இருக்கும், உண்டு. ஆபத்து வரும், நேரும். விபத்து நடக்கும். இடரைக் களைவோம். "முறிகண்டிச் சந்தியில் நேற்று அபாயம் நடந்தது" என்று எவரும் சொல்வதில்லை. அங்கே நடந்தது விபத்து. "ஆபத்துக்கு உதவினான்" என்பது நல்ல தமிழ். அதே இடத்தில் அபாயத்தை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

காரணம் எளிது. அபாயம் இடத்துக்கோ பொருளுக்கோ உரியது, ஒன்றும் நடக்கும் முன்பே அங்கே இருப்பது. ஆபத்து ஓர் ஆளைத் தொடுவது. விபத்து நடந்து முடிந்தது. பற்றைக்குள் கிடக்கும் மிதிவெடி அபாயம். தொலைந்த மாட்டைத் தேடி அதற்குள் கால் வைத்தவருக்கு ஆபத்து. வெடித்த பிறகு மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுவது விபத்து. வெடி ஒன்றுதான், அதன் மூன்று கட்டங்களுக்கு மூன்று சொற்கள். எழுத்தில் இந்த எல்லைகள் கலப்பதும் உண்டு. வீதி வளைவில் "ஆபத்தான வளைவு" என்று எழுதினால் அதைப் பிழையென்று தள்ள முடியாது. ஆனாலும் ஓர் இடத்தின் தன்மையைச் சொல்லும் பலகைக்கு அபாயமே பொருத்தமான சொல்.

ஆபத்துக்கு வன்னிப் பேச்சில் தனி வாழ்வு உண்டு. அது ஆவத்து என்று ஒலிக்கும், அந்தரத்தோடு சோடி சேரும். "ஆபத்து அந்தரத்துக்கு ஆர் நிண்டவை?" என்ற கேள்வியில் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கிவிடும். அந்தரம் என்றால் வடமொழியில் இடைவெளி. பிடிப்பில்லாமல் நடுவில் தொங்கும் நிலையாக அது இங்கே மாறி, அவசரத்தையும் தவிப்பையும் குறிக்கிறது. பதறுகிறவரிடம் "அந்தரப்படாதையுங்கோ" என்கிறோம். இப்படி ஆபத்து உறவோடும் உதவியோடும் ஒட்டிய சொல்லாகிவிட்டது. அபாயத்துக்கு அந்த ஈரம் இல்லை. பலகையிலேயே நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பிறப்பு. அபாயம் வடசொல். அப என்ற முன்னொட்டு விலகலைக் குறிக்கும். இ என்ற வேர் செல்லுதலைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் விலகிச் செல்லுதல். வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி இந்தச் சொல்லை ஆள்வது அச்சத்தைச் சொல்வதற்கல்ல. ஒன்று இன்னொன்றிலிருந்து நீங்கும்போது நிலையாக நிற்பது எதுவோ அது அபாதானம் என்பது அவர் சூத்திரம் (1.4.24), அங்கே அபாயம் என்றால் நீங்கல், வேறொன்றுமில்லை. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் நீங்கல் பொருளும் இதுவே. மலையின் வீழ் அருவி என்னும்போது அருவிக்கும் மலைக்கும் இடையே நடப்பதுதான் மூலப்பொருளில் அபாயம். நீங்கல் இழப்பாயிற்று, இழப்பு கேடாயிற்று, கேடு விளையக்கூடிய நிலைமையையும் அதே சொல் சுட்டத் தொடங்கிற்று.

இதன் உடன்பிறப்பு உபாயம். வேர் அதே இ, முன்னொட்டு மட்டும் உப, அதாவது அருகே. நெருங்கிச் செல்லும் வழி உபாயம், விலகி அழியும் வழி அபாயம். சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு உபாயங்களைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சோடி உடனே பிடிபடும். உபாயத்தை எண்ணுகிறவன் அபாயத்தையும் எண்ண வேண்டும் என்ற பொருளில் பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் வருகிறது. பாம்பை ஒழிக்கக் கீரியை வரவழைத்த கொக்கின் குஞ்சுகளையும் அந்தக் கீரியே தின்றுவிட்ட கதை அது.

ஆபத்து வேறொரு குடும்பம். பத் என்பது விழுதல், செல்லுதல் என்ற பொருள்களுள்ள வேர். ஆ சேர்ந்து மேலே வந்து விழுவது ஆபத்து, வி சேர்ந்து குலைந்து விழுவது விபத்து, சம் சேர்ந்து கூடி வருவது சம்பத்து, உத் சேர்ந்து மேலெழுவது உற்பத்தி. செல்வமும் கேடும் விளைச்சலும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆதலால் ஆபத், விபத், சம்பத் மூன்றும் உகரம் பெற்று, தகரம் இரட்டித்துத் துகரத்தில் முடிந்தன. ஆபத்து வரும் என்றும் அபாயம் இருக்கும் என்றும் நாம் பிரித்துப் பேசுவதற்கு இந்தப் பழைய வேர்கள் ஒத்துழைக்கின்றன. விழுவது வந்துதானே ஆக வேண்டும்.

அபாயத்தின் பக்கத்தில் அபயம் என்று இன்னொரு சொல் உண்டு. பலகை எழுதுகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது அது. அ என்றால் இல்லை, பயம் என்றால் அச்சம். அஞ்ச வேண்டாம் என்பது பொருள். கோயில் விக்கிரகத்தின் உயர்த்திய கை அபய கரம். வடமொழியில் இந்த இரண்டு சொற்களும் குழம்பவே முடியாது, ஏனென்றால் அபாயத்தில் இருப்பது வெறும் பகரம், அபயத்தில் இருப்பது மூச்சோடு சேர்ந்து ஒலிக்கும் நான்காம் பகரம். நன்னூல் வழியில் சொன்னால் அபாயம் இரு மொழிக்கும் பொதுவான எழுத்தாலான தற்சமம், அபயம் வடமொழிக்கே உரிய சிறப்பெழுத்து மாறி வந்த தற்பவம். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. நம் வாயிலும் இரண்டும் ஒரே மெல்லிய ஒலி. ஆகவே தமிழில் இவற்றைப் பிரிப்பது ஒரே ஒரு அரவு (ா என்ற குறி). தகட்டில் எழுத்தை வெட்டி மை தெளிக்கும்போது அரவுக்கான வெட்டு தனியாக நிற்கும். அது அடைபட்டாலோ, பலகையில் அந்த இடத்து மை உரிந்தாலோ, மிஞ்சுவது அபயம். அடைக்கலம் என்று எழுதிய பலகையை மிதிவெடிக் காணியின் வாசலில் நட்டதாக முடியும்.

சிங்களம் படிப்பவர்களும் இதே வேர்ச்சொல்லை அறிவார்கள், வேறு பொருளில். பாளி பௌத்த மரபில் அபாய என்பது தீவினை செய்தவர் பிறக்கும் இழிநிலை. நரகம், விலங்குப் பிறப்பு, பேய்ப் பிறப்பு, அசுரப் பிறப்பு என நான்கு அபாயங்கள் சொல்லப்படும். இன்றைய சிங்களத்தில் அபாய என்றால் நரகம். அதனால் மும்மொழிப் பலகையில் சிங்கள வரி 'அனதுரய்' என்றும் தமிழ் வரி அபாயம் என்றும் நிற்கும். தமிழ்ச் சொல்லை அப்படியே சிங்கள எழுத்தில் பெயர்த்து எழுதினால், ஓமந்தையில் வண்டியை நிறுத்திப் படிக்கும் தென்னிலங்கை ஓட்டுநருக்கு அது இடத்தைப் பற்றிய அறிவிப்பாகப் படாது. ஒலி ஒன்றாயிருப்பதை நம்பி ஒரு மொழியின் எச்சரிக்கையை இன்னொரு மொழிக்கு மாற்றக் கூடாது.

பலகையில் எதை எழுதுவது

மிதிவெடிப் பலகைக்கு உலகளவில் ஒரு குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்பாட்டின் இரண்டாம் நெறிமுறை 1996 இல் திருத்தப்பட்டபோது அதன் தொழில்நுட்ப இணைப்பு இதைத் தெளிவாக்கியது. முக்கோணப் பலகை என்றால் 28 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர், சதுரம் என்றால் பக்கத்துக்கு 15 சென்ரிமீற்றர், இவற்றிலும் சிறிதாக இருக்கக் கூடாது. நிறம் சிவப்பு அல்லது செம்மஞ்சள், ஓரம் ஒளியைத் திருப்பும் மஞ்சள். சொல்லைப் பற்றியும் விதி இருக்கிறது. பலகையில் இருக்க வேண்டியதாக அது கேட்பது அபாயம் என்பதற்கான சொல்லை அல்ல, மிதிவெடி என்பதற்கான சொல்லை; அதுவும் ஐ.நா.வின் அலுவல் மொழி ஒன்றிலும் அந்தப் பகுதியில் வழங்கும் மொழியிலும். பொருளின் பெயரைச் சொல் என்கிறது விதி. பிள்ளையை மறிக்கும் தாயும் அதைத்தான் செய்கிறாள்.

ஆகவே வன்னிக்குப் பொருத்தமான பலகையில் மேலே பெரிய எழுத்தில் மிதிவெடி, கீழே அபாயம், நடுவில் மண்டையோடும் குறுக்கெலும்பும் வர வேண்டும். எழுத்தறியாத சிறுவருக்கும் மொழி தெரியாத அந்நியருக்கும் அந்தப் படம்தான் எழுத்து. மும்மொழியையும் 28 சென்ரிமீற்றருக்குள் அடக்கினால் ஒன்றும் படிக்க முடியாது, பலகை பெரிதாக வேண்டும். ஓர் அங்குல உயர எழுத்து பத்து அடித் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும் என்பது பலகை எழுதுவோர் கைக்கணக்கு. முப்பது அடிக்கு அப்பாலேயே ஆள் நிற்க வேண்டுமென்றால் மூன்று அங்குல எழுத்து வேண்டும்.

இடம் போதாமல் மிதிவெடி என்ற சொல்லை இரண்டு வரியாக உடைப்பது மிக மோசமான தவறு. உடைத்தால் மேல்வரியில் மிதி என்று தனியே நிற்கும். அது ஏவல் வினை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது மேல்வரிதான். சொல்லைச் சிறிதாக்கியாவது ஒரே வரியில் எழுத வேண்டும்.

புணர்ச்சியும் கவனிக்க வேண்டியது. அபாயம் அடுத்த சொல்லோடு சேரும்போது மகரம் கெடும், வல்லினம் வந்தால் மிகும்: அபாயப் பகுதி, அபாயக் கல்வி, ஆனால் அபாய வலயம். பல பலகைகளில் அபாய பகுதி என்றே இருக்கிறது. இதனால் உயிர் போகாது. ஆனால் அரசாங்கப் பலகையில் கண்ட எழுத்தைத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் எழுதுவார்கள்.

மிதிவெடி, கண்ணிவெடி என்ற இரண்டையும் ஊடகங்கள் கலந்து எழுதுகின்றன. கண்ணி பறவைக்கும் விலங்குக்கும் வைக்கும் சுருக்கு, எனவே கண்ணிவெடி பொறிவைத்துக் காத்திருக்கும் எதற்கும் பொருந்தும் பொதுப்பெயர். வாகனத்துக்கு வைக்கும் பெரிய வெடியையும் அது குறிக்கும். மிதிவெடி மனிதக் காலுக்கென்று புதைத்தது. இலக்கணத்தில் அது வினைத்தொகை போல நிற்பது: மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கும். புதைத்தவன் இல்லாமற்போன பிறகும் அது காத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பலகை எப்படித் தோற்கிறது

முதல் எதிரி மழை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும். மாசி, பங்குனியில் புல் இடுப்பளவு நிற்கும். முழங்கால் உயரத்தில் நட்ட பலகை அதற்குள் மறைந்துபோகும். மரக்கட்டையைக் கறையான் அரிக்கும். வெயிலில் சிவப்பு மை விரைவில் வெளுத்து, பலகை தூரத்திலிருந்து பழைய தகரம் போலத் தெரியும். தகரம் நல்லதாயிருந்தால் கோழிக்கூட்டுக்குப் போய்விடும். இதற்காகத்தான் கொங்கிறீற்றுத் தூணில், கண்மட்டத்துக்கு மேலே, துளையிட்டு வேறு எதற்கும் உதவாதபடி ஆக்கிய தகட்டை நடுவது நல்லது.

பலகையின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும். ஆகவே ஒருவர் பலகையின் முதுகைக் காண்கிறார் என்றால் அவர் ஏற்கனவே உள்ளே நிற்கிறார் என்று கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்துக் காட்டுப்பாதையால் தேனெடுக்கப் போனவர்களுக்கும் மாடு சாய்க்கப் போனவர்களுக்கும் இது நேரும். பலகைக்குப் பதிலாகச் சில இடங்களில் கற்களுக்கு நிறம் பூசியிருப்பார்கள். சிவப்புப் பூசிய பக்கம் அபாயம், வெள்ளைப் பக்கம் துப்புரவாக்கிய பகுதி. ஒரே கல்லில் இரண்டு நிறமும் இருந்தால் அந்தக் கல்லே எல்லை. உழவு இயந்திரத்தின் சில்லுப் பட்டு அந்தக் கல் புரண்டால் பொருளும் புரண்டுவிடும், எனவே எல்லைக்கல்லை நகர்த்துவது பலகையைப் பிடுங்குவதற்குச் சமம்.

பலகையே இல்லாத இடத்திலும் நிலம் சில அடையாளங்களைச் சொல்லும். மண் அணை, பழைய காவலரண், பதுங்கு குழி, துருப்பிடித்த முட்கம்பி, தறித்த பனங்குற்றிகள் இவை இருந்தால் போர்முனை அவ்வழியே ஓடியிருக்கிறது என்று பொருள். அணைக்கு முன்னால்தான் வரிசையாக மிதிவெடி புதைப்பார்கள். பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பகுதி நாட்டின் மிகச் செறிவான மிதிவெடி நிலங்களில் ஒன்றானதற்குக் காரணம் இதுவே. முன்னரங்கு அங்கே ஆண்டுக்கணக்காக நகராமல் நின்றது. அங்கே அகற்றும் வேலை மெல்லப் போவதற்கும் காரணம் உண்டு. மிதிவெடிகள் பல பிளாஸ்ரிக்கால் ஆனவை, உலோகம் மிகக் குறைவு. மண் முழுக்கச் சன்னமும் செல் துண்டும் கலந்திருப்பதால் உலோகம் காட்டும் கருவி எங்கும் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அதனால் வன்னியில் பல களங்களில் இரும்புப் பல் வைத்த வாரியால் மண்ணை முன்னிருந்து கீழாகக் கரைத்து எடுக்கும் முறையைக் கையாண்டார்கள். ஆளாண்டுக் கணக்கில் நேரம் எடுக்கும் வேலை அது. இலங்கை மிதிவெடித் தடைச் சமவாயத்தில் 2017 டிசெம்பர் 13 இல் இணைந்தது. அது 2018 யூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதைந்த மிதிவெடிகளை அகற்றி முடிக்க அது தரும் பத்தாண்டுக் காலக்கெடு 2028 யூன் 1 வரை.

தவறி உள்ளே போய்விட்டால் செய்ய வேண்டியது: அந்த இடத்திலேயே நிற்பது. ஒரு காலையும் நகர்த்தக் கூடாது. கூட வந்தவர்களையும் நிற்கச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர்கள் உங்களிடம் ஓடி வரக் கூடாது. சுற்றிலும் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும், கையால் எதையும் விலக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் வரும்வரை காத்திருப்பதே வழி. வந்த காலடி வழியே திரும்பலாமே என்று தோன்றும். ஈரக் களியில் தடம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தால், உதவி வரவே வழியில்லையென்றால், அது கடைசி வழி. வன்னிக் காய்ந்த மணலிலும் சருகிலும் தடம் நிற்காது; நின்றதாக நினைப்பதுதான் ஆளைக் கொல்லும். வெளியிலிருந்து வெடிபொருளைக் கண்டவர் அதைத் தொடாமல், கல்லெறியாமல், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாமல், விலகி நின்று இடத்தைக் குறித்துக் கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ சொல்ல வேண்டும். பழைய இரும்பு விலைபோகும் காலத்தில் செல் கோதைத் தட்டிப் பிரிப்பவர்களுக்கு நேர்ந்தவை வன்னியில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று 428 ஆம் குறள் தொடங்குகிறது. அபாயக் கல்வி வகுப்பில் முதலில் எழுத வேண்டிய வரி அதுவே.

இங்கே ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அஞ்சத் தக்கதற்கு இனிய பெயர் வைப்பது நம் மரபு. நாகத்துக்கு நல்ல பாம்பு என்று பெயர். அம்மையை அம்மாள் வருத்தம் என்போம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நேர்ந்து வேப்பிலை வைப்போம். வீட்டுக்குள் இந்த மரியாதைக்கு ஆறுதல் உண்டு. பலகையில் அது கூடாது. "தயவுசெய்து இப்பகுதியைத் தவிர்க்கவும்" என்று மட்டும் எழுதினால் ஏன் என்று தெரியாத சிறுவன் உள்ளே போய்ப் பார்ப்பான்.

ஒரே சொல், வேறு வேறு அளவு

மின்கம்பியில் நிற்கும் அபாயம் வேறு வகையில் ஏமாற்றும். யானை வேலிக்கென்று செய்த முறையான கருவி சில ஆயிரம் வோல்ற்று கொடுக்கும், ஆனால் ஒரு செக்கனுக்கு ஒருமுறை அளவில், மிகமிகச் சிறு நேரத் துடிப்பாக. தொட்டவர் அடிபட்டு விலகிவிடுவார். வீட்டு இணைப்பின் 230 வோல்ற்றை நேரே கம்பியில் கொடுத்தால் மின்னோட்டம் இடைவிடாமல் பாயும். கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் ஆள் இறப்பார். முறையான வேலியில் அபாயப் பலகை தொங்கும். களவாகப் போட்ட கம்பியில் பலகை தொங்காது, தொங்கவிட்டால் பிடிபட்டுவிடுவார்களே. பலகையுள்ள வேலியைத் தொட்டுப் பிழைத்த அனுபவத்தால் பலகையில்லாத கம்பியை அலட்சியம் செய்பவர்கள் இதனால் சாகிறார்கள். வயல் ஓரத்தில் இரவில் தனிக் கம்பி நிலமட்டத்தில் தெரிந்தால் பலகை இல்லாததை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது.

பூச்சிமருந்துப் போத்தலிலும் இதே சிக்கல். இந்தியாவின் 1971 பூச்சிகொல்லி விதிகளில் நஞ்சின் கடுமை நான்கு நிறங்களில் வருகிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் நஞ்சு என்ற சொல், நீலத்தில் ஆபத்து என்பதற்குரிய சொல், பச்சையில் எச்சரிக்கை. அங்கே ஆபத்து மூன்றாம் படி. உலகப் பொது இரசாயனக் குறியீட்டு முறையிலோ இரண்டே சொற்கள், கடுமையானதற்கு அபாயம், அடுத்ததற்கு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இரண்டும் டேஞ்சர் என்ற ஒரே சொல்தான்; ஒரு போத்தலில் மூன்றாம் படியான அது இன்னொன்றில் முதற்படி. சொல்லை மட்டும் படிக்காமல் நிறத்தையும் பார்க்க வேண்டும் என்று கமக்காரருக்குச் சொல்வது இதனால்தான்.

அரச அலுவலகத் தமிழில் நிலைமை இன்னும் சிக்கல். ரிஸ்க் என்பதற்கு மத்திய வங்கி இடர்நேர்வு என்கிறது, வணிகக் கல்விப் பாடநூல் நட்ட அச்சம் என்கிறது, மிதிவெடிப் பணியாளர் அபாயம் என்கிறார். ஒரே மாணவி காலையில் காப்புறுதிப் பாடத்தில் நட்ட அச்சம் படித்து, பின்னேரம் அபாயக் கல்வி வகுப்பில் இருந்தால் இரண்டும் ஒரே கருத்து என்று அவளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. இவற்றில் இடர்நேர்வு நன்றாக அமைந்த சொல். இடர் தமிழ்ச்சொல், சம்பந்தர் நெடுங்களத்துப் பதிகத்தில் இடர்களையாய் என்று வேண்டுகிறார். நேர்வு என்பது நேரக்கூடியது. வரவில்லை, வரலாம் என்ற நுணுக்கம் அதில் இருக்கிறது.

அனர்த்தம் இலங்கைத் தமிழுக்கே உரிய ஆட்சிச் சொல்லாகிவிட்டது. அர்த்தம் என்றால் பொருள், பயன். அனர்த்தம் அது இல்லாமற்போவது. தமிழ்நாடு பேரிடர் மேலாண்மை என்பதை நாம் அனர்த்த முகாமைத்துவம் என்கிறோம். 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வழித்தெடுத்த பிறகு, 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 என்ற அழைப்பு எண் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினுடையது. இரணைமடுவின் வான்கதவு திறக்கும்போது இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே நாளில் வேலைக்கு வரும். கனகராயன் ஆற்றுப் பெருக்கு இடர். கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத் தாழ்நிலத்தில் நெல்லும் வீடும் இருப்பதால் அங்கே அபாயம். வெள்ளத்தைக் கடக்க முயன்றவருக்கு ஆபத்து. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தது அனர்த்தம். அறிவித்தலில் இவற்றை மாற்றிப் போட்டு "அனர்த்தம் ஏற்படலாம், அவதானமாக இருக்கவும்" என்று மட்டும் விட்டால் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், எத்தனை அடிக்கு, எந்த ஊர் எந்தப் பாடசாலைக்குப் போவது என்பவைதான் அந்த வாக்கியத்தில் வர வேண்டியவை.

அவதானம் என்ற சொல்லையும் இங்கே சேர்க்கலாம். வீதித் திருத்த வேலை நடக்கும் இடத்தில் நாம் காண்பது அது. ஒரே நேரத்தில் நூறு விடயங்களில் மனம் வைப்பவர் சதாவதானி; மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அந்தப் பட்டத்தோடு அறியப்பட்டவர், அகராதியும் தொகுத்தவர். அவதானம் படிப்பவரிடம் ஒரு செயலைக் கேட்கிறது: மனம் வை, பார்த்துப் போ. அபாயம் இடத்தின் நிலையைச் சொல்கிறது. பார்த்துப் போனால் கடக்கலாம் என்ற இடத்துக்கு அவதானம் சரி. எவ்வளவு பார்த்துப் போனாலும் கடக்கக் கூடாத மிதிவெடி நிலத்துக்கு அது தவறான சொல். அது கவனமாக உள்ளே போகலாம் என்ற இடங்கொடுப்பாகிவிடும். அங்கே மிதிவெடி, அபாயம், உட்செல்லாதே என்று மூன்றும் வேண்டும்.

நிலம் துப்புரவாகிக் காணி உரியவரிடம் கையளிக்கப்படும் நாளில் செய்ய வேண்டிய கடைசி வேலை பெரும்பாலும் தவறிவிடுகிறது. நட்ட பலகைகளை எண்ணி, அதே எண்ணிக்கையைத் திரும்பப் பிடுங்க வேண்டும். பற்றைக்குள் ஒன்று மறந்து நின்றாலும் அடுத்த போகத்தில் அதன் பக்கத்திலேயே உழுவார்கள், பிள்ளைகள் அதில் மாட்டைக் கட்டுவார்கள், ஒன்றும் ஆகாது. பிறகு அரைக் கட்டை தள்ளி, இன்னும் துப்புரவாகாத காணியின் ஓரத்தில் அதே சிவப்புப் பலகையைக் காணும்போது அந்தப் பிள்ளைகள் நின்று படிக்க மாட்டார்கள். கையளித்த காணியில் பலகை மிஞ்சியிருந்தால் அதை நீங்களே பிடுங்கிக் குப்பையில் போடாமல், கையளிப்புப் பத்திரத்தோடு கிராம அலுவலரிடம் சொல்லி, நட்டவர்களைக் கொண்டே எடுப்பிக்க வேண்டும். அவர்களுடைய வரைபடத்திலும் அந்தப் புள்ளி அழிய வேண்டும்.